விலா தெரிந்தால் சுளை

முள்ளிக்காட்டுக் குளம் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் குத்திப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் கோரை. கோரைக்கிழங்கு எங்கே புதைந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அன்று அவளுக்குக் கிழங்கு கிடைக்கவில்லை. காய்ந்த வண்டல்தான் கிடைத்தது.

இரண்டு மழைக்காலம் பொய்த்துவிட்டது. புல் கருகியது. மான்கள் மரப்பட்டையைக் கடித்தன. கோரை ஈன்ற குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அவனுக்குப் பொட்டு என்று பெயர். மற்றவற்றைக் கோடை தின்றுவிட்டது.

“அம்மா, மழை எப்போது வரும்?” என்று பொட்டு கேட்டான்.

“வரும்போது வரும். வந்தால் அது நிற்க இடம் வேண்டுமே! குளம் முழுக்க வண்டல். கரையிலோ உடைப்பு. கடைசியாகப் பெய்த நல்ல மழை அந்த உடைப்பு வழியாகத்தான் ஓடிப்போனது. நாங்கள் எல்லாரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தோம்.”

காட்டுக்கு மேலே பலாமலை. அங்கே ஊற்று வற்றவில்லை. பலா மரங்கள் அடியிலிருந்து நுனிவரை காய்த்துத் தொங்கின. அந்த மலை கருமுகக் குரங்குகளுடையது. அவர்களின் தலைவர் நெடுவாலன்.

ஒரு நாள் நெடுவாலன் கீழே எட்டிப் பார்த்தார். மான்கள் தள்ளாடி நடப்பதைக் கண்டார். அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

“உருட்டுங்கள் பழங்களை!” என்றார்.

பலாப்பழங்கள் உருண்டு வந்து மலையடிவாரத்துப் பாறையில் மோதி வெடித்தன. காடே ஓடியது. வலுத்தவர்கள் முன்னால் நின்றார்கள். நரி சுழியன் எல்லாருக்கும் முன்னால் வாயை வைத்தான். எழுந்து வர முடியாதவர்களுக்குச் சக்கைதான் கிடைத்தது.

நெடுவாலன் கோபித்துக்கொண்டார். “இது அநியாயம்! இனிமேல் உண்மையாகப் பட்டினி கிடப்பவனுக்கு மட்டுமே சுளை. விலா எலும்பு தெரிய வேண்டும். தெரிந்தால் சுளை, தெரியாவிட்டால் கிடையாது!”

நல்ல எண்ணத்தில் பிறந்த சட்டம்தான். எத்தனையோ கெட்ட சட்டங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

விலா பார்க்கும் வேலை வெண்புருவன் என்ற நடுவயதுக் குரங்குக்குக் கிடைத்தது. அவனுக்கு மென்மையான கை. வந்தவரின் பக்கத்தில் உள்ளங்கையை வைப்பான். விரல்கள் எலும்புக்கு இடையில் இறங்கினால், “தெரிகிறது! சுளை!” என்பான். இறங்காவிட்டால், “அடுத்தவர்!” என்பான்.

முதல் முறை எல்லாருக்குமே விரல் இறங்கியது. எல்லாரும் தின்றார்கள். இதை மறைக்கக் கூடாது. அந்தச் சுளைகள் வராவிட்டால் முள்ளிக்காட்டில் பாதிப் பேர் அப்போதே போயிருப்பார்கள்.

வயிற்றில் சுளை இறங்கியதும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. கோரை எல்லாரையும் குளத்துக்குக் கூப்பிட்டாள்.

“தின்றது செரிப்பதற்குள் வாருங்கள்! வண்டலை அள்ளி உடைப்பில் போடுவோம். குளம் ஆழமாகும், உடைப்பும் அடைபடும். ஒரே வேலையில் இரண்டு பலன்!”

முள்ளம்பன்றி முள்ளன் வந்தான். மைவிழி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வந்தாள். முயல்கள் வந்தன. முள்ளன் தோண்டினான். கோரை மூக்கால் மண்ணைத் தள்ளினாள். மைவிழி குளம்பால் மிதித்து இறுக்கினாள். உடைப்பின் அடி மெல்ல மேடாகத் தொடங்கியது. தோண்டிய இடத்தில் அகப்பட்ட கிழங்குகளை அங்கேயே பங்கிட்டுத் தின்றார்கள்.

“கோரையக்கா, உன் மூக்கா மண்வெட்டியா?” என்று முள்ளன் கேட்டான்.

“உன் முதுகைப் பார்த்துப் பேசு! துடைப்பத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருந்துகொண்டு!”

நெடுநாளைக்குப் பிறகு அந்தக் காட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த முறை வந்தது. முள்ளன் போய் நின்றான். வெண்புருவன் முட்களை ஒதுக்கிக் கையை வைத்தான். விரல் இறங்கவில்லை.

“அடுத்தவர்!”

“என்னது?”

“விலா மறைந்துவிட்டது. உனக்குச் சுளை கிடையாது.”

முயல்களுக்கும் அதே பதில். கோரைக்கும் அதே பதில். குளத்தில் இறங்காமல் நிழலில் கிடந்தவர்களுக்கெல்லாம் கை நிறையச் சுளை.

கோரை பாறையை நோக்கிக் கத்தினாள். “தலைவரே! போன முறை தின்ற சுளையை மண்ணாகக் குளக்கரையில் போட்டிருக்கிறோம். வந்து பாருங்கள்!”

நெடுவாலன் பாறையின் உச்சியில் இருந்து சிரித்தார். “மண் தள்ளத் தெம்பு இருக்கிறதே! தெம்பு இருப்பவளுக்குச் சுளை எதற்கு?”

“சுளை தின்றதால் வந்த தெம்பு, தலைவரே! இன்று தின்னாவிட்டால் நாளை இருக்காது!”

“அப்படியா? இல்லாமல் போனதும் வா. தருகிறேன்.”

கூட்டத்தில் பாதிப் பேர் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அது என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுளை அவர்கள் வாயில் இருந்தது.

மறுநாளே சுழியன் புங்கமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டான். விலா காட்டும் பள்ளிக்கூடம்.

“மூச்சை உள்ளே இழு! வயிறு முதுகோடு ஒட்டட்டும்! டேய் முயலே, காதை ஏன் நிமிர்த்துகிறாய்? தொங்கவிடு! கண்ணைப் பாதி மூடு. ஈ உட்கார்ந்தால் விரட்டாதே. ஈதான் நமக்குச் சாட்சி!”

“அண்ணே, கை வைக்கும்போது கூச்சமாக இருந்தால்?”

“பல்லைக் கடித்துக்கொள். சிரித்தால் போச்சு!”

சொல்லிக்கொடுப்பதற்கு ஒவ்வொருவரும் தன் பங்கில் ஒரு சுளையைச் சுழியனுக்குத் தர வேண்டும். அதனால் அவன் உடம்பு மினுமினுத்தது. தன் முறை வந்ததும் அவன் மூச்சை இழுப்பான் பாருங்கள், காட்டிலேயே மெலிந்தவன் அவன்தான்!

குளம் காலியானது. முள்ளன் இரண்டு நாள் தனியாக வந்து பார்த்தான். மூன்றாம் நாள் அவனும் தலையைக் குனிந்துகொண்டு புங்கமரத்தடிக்குப் போனான்.

சுழியன் கோரையைத் தேடிக் குளத்துக்கே வந்தான். “என்ன அக்கா, இந்தப் பிடிவாதம்? குளம் வெட்டினால் உடம்பு தேறும். உடம்பு தேறினால் சுளை போகும். பேசாமல் படுத்துக்கொள். படுத்தால் பலா, எழுந்தால் பட்டினி!”

“மழை வந்தால் என்ன செய்வாய்?”

“மழை வந்தால் புல் முளைக்கும். புல் முளைத்தால் விலா மறையும். விலா மறைந்தால் சுளை நின்றுவிடும். மழையை ஏன் அக்கா கூப்பிடுகிறாய்?” என்று சொல்லிவிட்டு அவன் தன் பகடிக்குத் தானே சிரித்தான்.

கோரை அவன் முகத்தில் மண்ணைச் சீறி அடித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இதற்குள் பலாமலையின் புகழ் பரவிவிட்டது. மற்ற மலைகளிலிருந்து குரங்குத் தலைவர்கள் வந்தார்கள். நெடுவாலன் அவர்களைப் பாறையில் உட்காரவைத்து, மெலிந்தவர்களை வரிசையாக நடக்கச் சொன்னார்.

“பார்த்தீர்களா விலாவை! எப்பேர்ப்பட்ட பஞ்சம்! நாங்கள்தான் காப்பாற்றுகிறோம்.”

“ஆகா! என்ன கருணை!” என்றார்கள் வந்தவர்கள்.

நல்ல விலாவுக்கு இரட்டைப் பங்கு என்றும் நெடுவாலன் அறிவித்தார். அன்றிலிருந்து தாய்மார்கள் குட்டிகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

குளத்தில் ஒருவரும் இல்லை, கோரையைத் தவிர. அவளுக்கும் பொட்டுவுக்கும் சுளை கிடைத்துப் பல நாள் ஆயிற்று. வண்டலுக்கடியில் எப்போதாவது ஒரு கோரைக்கிழங்கு அகப்படும். அதைப் பொட்டுவுக்குக் கொடுப்பாள். அது அவன் உயிரைப் பிடித்து வைத்தது. அவன் விலாவையும் மறைத்து வைத்தது.

ஒரு நாள் அவளுக்குக் கைப்பிடி அளவு கிழங்கு கிடைத்தது. மறுநாள் சுளை முறை. கோரை கிழங்கைப் பார்த்தாள். பொட்டுவைப் பார்த்தாள். கிழங்கை மறுபடி மண்ணுக்குள் புதைத்து, மேலே காலால் மிதித்தாள்.

“அம்மா, பசிக்கிறது.”

“இன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லையடா, கண்ணு.”

மறுநாள் வெண்புருவனின் விரல்கள் பொட்டுவின் விலாவுக்குள் இறங்கின. “தெரிகிறது! சுளை!”

திரும்பி வரும்போது பொட்டு சுளையை மென்றுகொண்டே அம்மாவின் பக்கத்தில் ஓடிவந்தான். அவன் முகத்தில் பெருமை வழிந்தது.

“அம்மா, என் விலா நன்றாகத் தெரிந்ததா? அடுத்த முறை இன்னும் நன்றாகக் காட்டுகிறேன். இரட்டைப் பங்கு வாங்கித் தருகிறேன், பார்!”

கோரை நின்றுவிட்டாள்.

குளத்துக்கு ஓடினாள். புதைத்த கிழங்கைத் தோண்டி எடுத்துக் குட்டியின் முன்னால் போட்டாள். “தின்னு! முழுதும் தின்னு! இனிமேல் உன் விலாவை ஒருவருக்கும் காட்டாதே!”

பிறகு பாறைக்குத் திரும்பிப் போனாள். அங்கே நெடுவாலன் விருந்தாளிகளோடு இருந்தார். கோரை நடுவில் போய் நின்றாள்.

“தலைவரே! என் குட்டியை நேற்று நான் பட்டினி போட்டேன். கிழங்கு இருந்தும் போட்டேன். என் வெட்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் வெட்கத்தைக் கேட்கத்தான் வந்தேன்!”

“என்ன பேச்சு இது?”

“இந்தக் காட்டில் எல்லாத் தாயும் இதைத்தான் செய்கிறாள். எங்கள் குட்டிகள் மெலிவதற்குப் போட்டி போடுகின்றன. பஞ்சம் எங்கள் வயிற்றைத்தான் எடுத்தது. உங்கள் சட்டம் எங்கள் மூளையை எடுத்துவிட்டது! விலாவில் கை வைத்தது போதும். குளத்துக்கு வந்து பள்ளத்தில் கை வையுங்கள். சுளையை அங்கே கொண்டுவந்து கொடுங்கள். முதலில் முடியாதவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. ஒருவரையும் தடவிப் பார்க்க வேண்டாம். மழைக்கு முன் உடைப்பை அடைத்துவிட்டால், அடுத்த கோடையில் உங்களிடம் வந்து நிற்க மாட்டோம்!”

விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நெடுவாலனின் முகம் மேலும் கறுத்தது. வந்து நிற்க மாட்டோம் என்ற சொல்தான் அவரைச் சுட்டது. ஏன் சுட்டது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“நன்றி கெட்டவள்! தின்ற வாய் காய்வதற்குள் பேச்சைப் பார்! இனி உனக்கும் உன் குட்டிக்கும் ஒரு சுளை கிடையாது!”

“சக்கைகூட வேண்டாம்!” என்று சொல்லிவிட்டுக் கோரை திரும்பி நடந்தாள்.

வெண்புருவன் அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டான். அன்று மாலை முழுவதும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘நான் சட்டம் போடவில்லை. கையைத்தானே வைத்தேன்?’ என்று நினைத்தான். ‘கை வைக்காமல் சட்டம் எப்படி நடக்கும்?’ என்றும் நினைத்தான்.

அடுத்த முறை வந்தது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. வரிசையின் முன்னால் மைவிழி குட்டியோடு படுத்திருந்தாள். குட்டி அசையவில்லை. கண் பாதி மூடியிருந்தது. ஈ உட்கார்ந்திருந்தது.

“அருமையான பயிற்சி!” என்று சுழியன் பின்னால் இருந்து முணுமுணுத்தான்.

வெண்புருவன் கை வைத்தான். விரல்கள் ஆழமாக இறங்கின. “தெரிகிறது! நன்றாகத் தெரிகிறது! இரட்டைப் பங்கு!”

சுளையை எடுத்துக் குட்டியின் வாயருகே நீட்டினான். வாய் திறக்கவில்லை. மறுபடி விலாவில் கை வைத்தான். இந்த முறை எலும்பைத் தேடவில்லை, மூச்சைத் தேடினான். இல்லை.

“இரண்டு நாள் பால் கொடுக்கவில்லை, ஐயா,” என்றாள் மைவிழி. “இரட்டைப் பங்கு என்றார்களே.”

பாறை உச்சியிலிருந்து குரல் வந்தது. “என்ன தாமதம்? அடுத்தவர்!”

அப்போது இடி இடித்தது. மழை கொட்டத் தொடங்கியது. ஓடையில் செந்நீர் நுரைத்துக்கொண்டு குளத்தை நோக்கிப் பாய்ந்தது. குளத்துப் பக்கமிருந்து கோரையின் குரல் கேட்டது.

“உடைப்பில் போட்ட மண் கரைகிறது! ஓடி வாருங்கள்! தண்ணீர் போகிறது!”

வரிசை நெளிந்தது. முள்ளன் ஒரு காலை எடுத்து வைத்தான்.

“அசையாதே!” என்றான் சுழியன். “ஓடத் தெரிந்தவனுக்கு விலா இல்லை!”

“வரிசையை விட்டுப் போகிறவனுக்கு இனிமேல் சுளை கிடையாது!” என்று நெடுவாலன் முழங்கினார்.

முள்ளன் எடுத்த காலைப் பின்னால் வைத்தான். இத்தனை நாள் மழைக்கு ஏங்கிய காடு மழையில் நனைந்தபடி நின்றது. கண் முன்னால் தண்ணீர் ஓடிப்போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் நகரவில்லை.

வெண்புருவன் நகர்ந்தான்.

பாறையடியில் ஒரு கோடையின் பலாச் சக்கை மலைபோலக் குவிந்திருந்தது. பால் பிசுபிசுக்கும் முரட்டுத் தோல்கள். அவன் இரண்டு கையாலும் அவற்றை வாரி எடுத்தான்.

“வெண்புருவா! உன் இடத்தில் நில்!”

“என் இடம் எது என்று இவ்வளவு நாள் எனக்குத் தெரியவில்லை, தலைவரே!” என்று கத்திவிட்டு அவன் குளத்தை நோக்கி ஓடினான். “முள்ளா! உன் முதுகு எதற்கு இருக்கிறது? சக்கையைக் குத்தி எடுத்துக்கொண்டு வா!”

முள்ளன் சக்கைக் குவியலில் விழுந்து புரண்டான். முதுகு முழுக்கச் சக்கை. எழுந்து ஓடினான். அதைப் பார்த்து முயல்கள் ஓடின. பிறகு வரிசையே உடைந்தது. இளங்குரங்குகளும் பாறையிலிருந்து குதித்து ஓடின. சக்கையை உடைப்பில் அடைத்து, மேலே வண்டலைத் தள்ளி, மறுபடி சக்கை, மறுபடி வண்டல். கோரை தன் உடம்பையே உடைப்புக்குக் குறுக்கே கிடத்தியிருந்தாள். அவளைச் சுற்றித்தான் அடைத்தார்கள்.

மைவிழி கடைசியாக வந்தாள். கரை மேல் ஏறிக் குளம்பால் மண்ணை மிதித்தாள். மழை நின்ற பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

குளம் பாதிதான் நிறைந்தது. வரிசையில் நின்ற நேரத்தில் மீதி போய்விட்டது. முன்பே உடைப்பை அடைத்திருந்தால் முழுக்குளம். அந்தப் பாதிக் குளத்தின் கணக்கை யார் தலையில் எழுதுவது? மான்குட்டியின் கணக்கை?

வெண்புருவன் மலைக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து இளங்குரங்குகள் தலைவரைக் கேட்காமலே பழங்களைக் குளக்கரைக்கு உருட்டின. முடியாதவர்களுக்கு முதலில், பிறகு எல்லாருக்கும். ஒருவரையும் ஒருவரும் தடவிப் பார்க்கவில்லை. தின்றவர்கள் குளத்தில் இறங்கினார்கள். முடியாதவர்கள் கரையில் கிடந்து, “அந்தப் பக்கம் பள்ளம் போதாது!” என்று அதட்டினார்கள். சுழியன் முதல் நாள் பழைய பழக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்தான். “விடு தம்பி, மூச்சை. மண் தள்ளுவதற்கு அது வேண்டும்,” என்றாள் கோரை.

ஈரத்தைக் கண்டு குளத்தின் ஓரத்தில் கோரைப்புல் தழைத்தது. ஒவ்வொரு தூரிலும் ஒரு கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும் என்று கோரை ஒரு வழக்கம் வைத்தாள். தானும் அதை மீறவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பொட்டுவுக்குத்தான் தெரியும்.

அடுத்த கோடையும் கொளுத்தியது. நெடுவாலன் புது விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். பாறையில் ஒருவரும் இல்லை. தேடிக்கொண்டு குளத்துக்கு வந்தார். குளத்தின் நடுவில் தண்ணீர் பளபளத்தது. பொட்டு சேற்றில் புரண்டுகொண்டிருந்தான்.

“மெலிந்தவர்கள் எங்கே?” என்று கேட்டார் ஒரு விருந்தாளி.

“இதோ காட்டுகிறேன்!” என்று நெடுவாலன் பொட்டுவைப் பிடித்து, அவன் விலாவில் கை வைத்தார். விரல் இறங்கவில்லை. அழுத்திப் பார்த்தார். வேறு இடத்தில் தேடினார்.

பொட்டு துள்ளினான். “ஐயோ, கூச்சம்! கூச்சம்! விடுங்கள், தாத்தா!” என்று காடு அதிரச் சிரித்தான்.

மெலிந்த குட்டிக்குக் கூச்சம் தெரியாது. கோரை மண் தள்ளுவதை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டாள். மைவிழியும் கேட்டாள், கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விருந்தாளிகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெடுவாலன் மட்டும் காலியான கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“நன்றி கெட்ட காடு!” என்றார் கடைசியில்.

“நன்றி இருக்கிறது, தலைவரே,” என்றாள் கோரை. “உங்கள் பழத்துக்கு என்றைக்கும் இருக்கிறது. ஆனால் எங்கள் விலாவை இனி எங்கள் தோல் மூடிக்கொள்ளும். தாகமாக இருந்தால் குடியுங்கள். இங்கே யாரும் கை வைத்துப் பார்க்க மாட்டார்கள்.”

மெலிவைக் காட்டினால்தான் தருவேன் என்று கொடுப்பவன் பசியைத்தான் வளர்க்கிறான். கொடுத்த கை இனித் தேவைப்படாத நாளைக் கண்டு மகிழ்பவனே உண்மையில் உதவியவன்.